லண்டனில் வீடு பார்ப்பதற்கு முன் பள்ளியைப் பாருங்கள்: அரசுப் பள்ளியை வைத்து முகவரியைத் தேர்ந்தெடுக்க ஒரு முழுமையான வழிகாட்டி

லண்டனுக்குக் குடும்பத்தோடு வருகிறவர்களும், இங்கேயே ஒரு மூலையிலிருந்து இன்னொரு மூலைக்கு மாறுகிறவர்களும் வழக்கமாகச் செய்வது இதுதான்: ஈஸ்ட் ஹாம், ஹாரோ, டூட்டிங், நியூ மால்டன் என்று தெரிந்தவர்கள் இருக்கும் ஏரியாவில் ஒரு வீட்டைப் பிடித்துவிட்டு, அப்புறம் பக்கத்தில் எந்தப் பள்ளி நன்றாக இருக்கிறது என்று விசாரிப்பது. பல நேரம் இதில் சிக்கல் வராது. வந்தால் பெரிதாக வரும். ஏனென்றால் இங்கே அரசுப் பள்ளியில் கட்டணம் கிடையாது, நன்கொடை கொடுத்து இடம் வாங்க முடியாது, சிபாரிசு எடுபடாது. பெரும்பாலான பள்ளிகளில் கடைசியில் இடத்தைத் தீர்மானிப்பது உங்கள் வீட்டுக்கும் பள்ளிக்கும் நடுவில் இருக்கும் தூரம்தான். அந்தத் தூரத்தில் நூறு மீட்டர் கூடிப்போனால் இடம் போய்விடும், எவ்வளவு நல்ல பிள்ளையாக இருந்தாலும்.

அதனால் நான் யார் கேட்டாலும் முதலில் சொல்வது: பெயர்போன ஒரே ஒரு பள்ளியைத் துரத்திக்கொண்டு வீடு தேடாதீர்கள். உங்களுக்குச் சம்மதமான இரண்டு மூன்று பள்ளிகளுக்கு நிச்சயமாக எட்டக்கூடிய ஒரு முகவரியைத் தேடுங்கள். அதை எப்படிக் கண்டுபிடிப்பது என்பதுதான் கீழே இருக்கிறது. இது இங்கிலாந்துக்கான விதிகளை வைத்து எழுதியது. ஸ்காட்லாந்திலும் வேல்ஸிலும் முறை வேறு.

முதலில் பிறந்த தேதியும் காலண்டரும்

செப்டம்பர் 1 முதல் அடுத்த ஆகஸ்ட் 31 வரை பிறந்த பிள்ளைகள் எல்லாரும் ஒரே வகுப்பு. ஆகஸ்ட் 30ல் பிறந்த பிள்ளைக்கும் செப்டம்பர் 2ல் பிறந்த பிள்ளைக்கும் மூன்று நாள்தான் இடைவெளி, ஆனால் பள்ளியில் ஒரு முழு வருடம். நான்கு வயது முடிந்து வரும் செப்டம்பரில் பிரைமரியின் முதல் வகுப்பான ரிசெப்ஷன், பதினொரு வயது முடிந்து வரும் செப்டம்பரில் செகண்டரியின் முதல் வகுப்பான இயர் 7. ரிசெப்ஷனுக்கு விண்ணப்பிக்கக் கடைசி நாள் அதே ஆண்டு ஜனவரி 15. இயர் 7க்கு முந்தைய ஆண்டு அக்டோபர் 31. முடிவு வருவது பிரைமரிக்கு ஏப்ரல் 16, செகண்டரிக்கு மார்ச் 1. விடுமுறை நாளாக இருந்தால் அடுத்த வேலை நாள்.

இந்தத் தேதிகளிலிருந்து பின்னோக்கி எண்ணுங்கள். கடைசி நாளன்று பிள்ளை உண்மையில் வசிக்கும் முகவரியைத்தான் கவுன்சில் (உள்ளாட்சி நிர்வாகம்) கணக்கில் எடுக்கும். அதற்குப் பிறகு வீடு மாறினால் சில வாரங்கள் வரை ஏற்றுக்கொள்ளும் கவுன்சில்கள் உண்டு, ஆனால் அதை நம்பித் திட்டம் போட வேண்டாம். இயர் 7க்காக வீடு மாறுவதென்றால் பிள்ளை இயர் 5 படிக்கும்போதே தேடத் தொடங்கி, இயர் 6 தொடங்குவதற்கு முந்தைய கோடையில் குடியேறிவிடுவது நல்லது.

இன்னொன்று, சில இடங்களில் பிரைமரி ஒரே பள்ளியாக இருக்காது. இன்ஃபன்ட், ஜூனியர் என்று இரண்டாகப் பிரிந்திருக்கும். அப்படியென்றால் இயர் 3க்கு மறுபடியும் ஒரு விண்ணப்பம் போட வேண்டும், அதற்கும் ஜனவரி 15தான். பள்ளியோடு சேர்ந்த நர்சரியில் படிப்பதாலேயே ரிசெப்ஷன் இடம் தானாக வந்துவிடாது, அதற்கும் தனியாக விண்ணப்பிக்க வேண்டும். இது தெரியாமல் சும்மா இருந்துவிடுகிறவர்கள் ஒவ்வொரு வருடமும் இருக்கிறார்கள்.

எந்தப் பகுதிகளில் தேடுவது

இதில் அதிகம் யோசிக்க வேண்டாம். வேலைக்குப் போக எவ்வளவு நேரம் பொறுப்பீர்கள், வாடகைக்கோ மார்ட்கேஜுக்கோ எவ்வளவு முடியும், இந்த இரண்டையும் வைத்து நான்கைந்து பகுதிகளைக் குறித்துக்கொள்ளுங்கள்.

பரோ (லண்டனின் உள்ளாட்சிப் பகுதி, ஒவ்வொன்றுக்கும் ஒரு கவுன்சில் உண்டு) எல்லையை மட்டும் சுவர் மாதிரி நினைக்க வேண்டாம். 1989ல் கிரீனிச் வழக்கில் வந்த தீர்ப்பின்படி, ஒரு கவுன்சில் தன் எல்லைக்கு வெளியே இருக்கிறார்கள் என்ற ஒரே காரணத்துக்காகப் பிள்ளைகளைப் பின்னால் தள்ள முடியாது. நீங்கள் குடியிருக்கும் கவுன்சில் வழியாகத்தான் விண்ணப்பிப்பீர்கள், ஆனால் அடுத்த பரோவில் உள்ள பள்ளியையும் படிவத்தில் எழுதலாம். எல்லையோரத்து வீடுகள் இதனால்தான் நல்ல தேர்வு: இரண்டு பக்கத்துப் பள்ளிகளும் எட்டும், வாடகை சில நேரம் குறைவாகவும் இருக்கும்.

பள்ளி நல்லதா என்று எப்படிப் பார்ப்பது

அரசின் இணையதளத்தில் ஒவ்வொரு பள்ளியின் தேர்வு முடிவுகளும் இருக்கின்றன, அஞ்சல் குறியீட்டைப் போட்டால் சுற்றியுள்ள பள்ளிகள் வரிசையாக வரும். பிரைமரிக்கு இயர் 6 முடிவில் நடக்கும் தேர்வுகளிலும் ஆசிரியர் மதிப்பீட்டிலும் வாசிப்பு, எழுத்து, கணக்கு மூன்றிலும் எதிர்பார்த்த தரத்தை எட்டியவர்கள் எத்தனை சதவீதம் என்று பாருங்கள். செகண்டரிக்கு அட்டெயின்மென்ட் 8, ப்ராக்ரஸ் 8 என்று இரண்டு எண்கள் உண்டு. முதலாவது, பிள்ளைகள் ஜிசிஎஸ்இயில் (16 வயதில் எழுதும் பொதுத் தேர்வு) எவ்வளவு வாங்கினார்கள் என்பது. இரண்டாவது, அவர்கள் பிரைமரியை விட்டு வரும்போது இருந்த நிலையிலிருந்து எவ்வளவு முன்னேறினார்கள் என்பது. என்னைக் கேட்டால் இரண்டாவதுதான் பள்ளியின் உழைப்பைக் காட்டுகிறது. நன்றாகப் படிக்கும் பிள்ளைகளை மட்டும் சேர்த்துக்கொண்டு நல்ல மதிப்பெண் காட்டுவது எந்தப் பள்ளிக்கும் பெரிய விஷயமில்லை. ப்ராக்ரஸ் 8ல் பூஜ்யம் என்றால் நாட்டின் சராசரி, அதற்கு மேலே என்றால் சராசரியைவிட நன்றாகச் சொல்லிக்கொடுக்கிறார்கள். ஒன்றை மட்டும் கவனியுங்கள்: 2020லும் 2021லும் கோவிட் காரணமாக இயர் 6 தேர்வுகள் நடக்கவில்லை, ஆகவே 2025, 2026ல் ஜிசிஎஸ்இ எழுதிய வகுப்புகளுக்கு இந்த எண்ணைக் கணக்கிட வழியில்லை. 2024 வரையிலான எண்களை எடுத்துப் பாருங்கள், ஒரே வருடத்தை வைத்து முடிவு செய்யாமல் இரண்டு மூன்று வருடம் சேர்த்துப் பாருங்கள்.

பள்ளிகளை ஆய்வு செய்யும் அரசு அமைப்பான ஆஃப்ஸ்டெட் பற்றி நம்மவர்களிடம் இன்னும் பழைய பேச்சுதான் நடக்கிறது. "அந்த ஸ்கூல் அவுட்ஸ்டாண்டிங்" (அவர்கள் தந்த மிக உயர்ந்த மதிப்பீடு) என்று ஒருவர் சொன்னால் எந்த வருடத்து ஆய்வு என்று கேளுங்கள். 2012 முதல் 2020 வரை அந்த மதிப்பீடு பெற்ற பள்ளிகளுக்கு வழக்கமான ஆய்விலிருந்தே விலக்கு இருந்தது, அதனால் சில பள்ளிகள் பத்து வருடத்துக்கு மேல் பழைய பெயரிலேயே ஓடின. 2024 செப்டம்பரில் அரசுப் பள்ளிகளுக்கு ஒற்றைச் சொல்லில் தீர்ப்புச் சொல்வதையே நிறுத்திவிட்டார்கள். 2025 நவம்பரிலிருந்து ரிப்போர்ட் கார்டு மாதிரி ஒன்று வருகிறது. பாடமும் கற்பித்தலும், வருகையும் நடத்தையும், நிர்வாகம் என்று ஒவ்வொன்றுக்கும் ஐந்து படிகளில் தனித்தனி மதிப்பீடு. அறிக்கை பழையதோ புதியதோ, மேலே இருக்கும் சொல்லை விட்டுவிட்டு உள்ளே எழுதியிருப்பதைப் படியுங்கள், நடத்தை பற்றிய பத்தியையும் சிறப்புத் தேவையுள்ள பிள்ளைகள் பற்றிய பத்தியையும் குறிப்பாக. ஒரு பள்ளி கஷ்டப்படும் பிள்ளையை எப்படி நடத்துகிறதோ, அதை வைத்து அந்தப் பள்ளியைப் பற்றி நிறையத் தெரிந்துகொள்ளலாம்.

வீட்டில் ஆங்கிலம் அல்லாத மொழி பேசும் பிள்ளைகள் அதிகம் என்பதற்காக ஒரு பள்ளியை ஒதுக்குகிறார்கள், நம்மவர்களே ஒதுக்குகிறார்கள். இது எனக்கு நிஜமாகவே வருத்தம். நாட்டு அளவில் ப்ராக்ரஸ் 8ல் அந்தப் பிள்ளைகள்தான் சராசரியைவிட மேலே வருகிறார்கள். வீட்டில் தாராளமாகத் தமிழ் பேசுங்கள், அதனால் படிப்புக் கெடாது.

சேர்க்கை விதி: இங்கேதான் எல்லாமே இருக்கிறது

இந்தப் பகுதியை அவசரமில்லாமல் படியுங்கள். ஒவ்வொரு பள்ளிக்கும் எழுதி வைத்த சேர்க்கை விதி உண்டு, பள்ளியின் இணையதளத்தில் கட்டாயம் இருக்கும். கவுன்சில் பள்ளி என்றால் விதியை எழுதுவது கவுன்சில். அகாடமி, ஃப்ரீ ஸ்கூல் (இரண்டும் கவுன்சிலின் கீழ் வராத அரசுப் பள்ளிகள்), பெரும்பாலான மதம் சார்ந்த பள்ளிகள் என்றால் அவர்களே எழுதுவார்கள். ஆகவே ஒரே தெருவில் இருக்கும் இரண்டு பள்ளிகளுக்கு முற்றிலும் வேறு விதி இருக்கலாம். பொதுவாக வரிசை இப்படிப் போகும்: சிறப்புத் தேவைக்கான இஎச்சிபி திட்டத்தில் பள்ளியின் பெயர் இருக்கும் பிள்ளைகள், கவுன்சில் பராமரிப்பில் இருக்கும் அல்லது இருந்த பிள்ளைகள், ஏற்கெனவே அங்கே படிப்பவர்களின் தம்பி தங்கைகள், பிறகு தூரம். நடுவில் ஆசிரியர்களின் பிள்ளைகள், மருத்துவக் காரணம், குறிப்பிட்ட பிரைமரியிலிருந்து வருபவர்கள், இசை அல்லது விளையாட்டுத் திறமை என்று சில வகைகள் வரலாம். திறமைக்காக அதிகபட்சம் நூற்றுக்குப் பத்து இடம்தான் ஒதுக்கலாம்.

இதை ஒரு உதாரணத்தோடு பார்ப்போம். ஒரு செகண்டரியில் இயர் 7க்கு 180 இடம் என்று வைத்துக்கொள்ளுங்கள். இஎச்சிபி 8, பராமரிப்புப் பிள்ளைகள் 4, தம்பி தங்கைகள் 61, இசைத் திறமை 18. போனால் மிச்சம் 89. உங்களுக்கு மூத்த பிள்ளை அங்கே இல்லை, இசையும் இல்லை என்றால் நீங்கள் போட்டி போடுவது 180 இடத்துக்கு அல்ல, இந்த 89க்கு. கவுன்சிலின் சேர்க்கைக் கையேட்டில் இந்தக் கணக்கு அநேகமாக அப்படியே இருக்கும்: எத்தனை விண்ணப்பம், எந்த வகையில் எத்தனை இடம், கடைசியாக இடம் கிடைத்த பிள்ளையின் வீடு எத்தனை மைல் தூரம். ஒவ்வொரு கவுன்சிலும் செப்டம்பர் 12க்குள் இந்தக் கையேட்டை வெளியிட வேண்டும் என்பது விதி. வீடு தேடுகிறவருக்கு இதைவிடப் பயனுள்ள ஆவணம் எதுவும் இல்லை, அதுவும் இலவசம். வீட்டு ஏஜென்ட் "கேட்ச்மென்ட்டுக்குள்தான் (பள்ளி பிள்ளைகளை எடுக்கும் எல்லை) இருக்கிறது" என்று சொன்னால் தலையாட்டிவிட்டு இதை எடுத்துப் பாருங்கள். நிலையான எல்லைக் கோடு வைத்திருக்கும் பள்ளிகள் சில உண்டு, ஆனால் பெரும்பாலான லண்டன் பள்ளிகளுக்கு அப்படி ஒரு கோடே கிடையாது. அந்தந்த வருடம் யார் விண்ணப்பித்தார்கள் என்பதைப் பொறுத்து எல்லை சுருங்கும், விரியும்.

கையேட்டை எடுத்தால் கடைசித் தூரத்தை மூன்று நான்கு வருடத்துக்குக் குறித்துக்கொள்ளுங்கள். 0.9, 0.8, 0.95, 0.7 மைல் என்று வந்தால் நீங்கள் நம்ப வேண்டியது 0.7ஐத்தான், அதற்கும் கொஞ்சம் உள்ளே தள்ளி வீடு பாருங்கள். தூரம் அதிகரித்துக்கொண்டே போகிறதா, குறைந்துகொண்டே வருகிறதா என்பதும் முக்கியம். பிறப்பு விகிதம் குறைந்ததால் லண்டனின் பல பகுதிகளில் பிரைமரிப் பிள்ளைகளின் எண்ணிக்கை சரிந்து, சில பள்ளிகளை மூடியும் இணைத்தும் வருகிறார்கள். இதனால் சில வருடம் முன்பு தொடவே முடியாத பிரைமரிகளில் இப்போது இடம் கிடைக்கிறது. ரிசெப்ஷனுக்காகத் தேடுகிறவர்கள் பழைய கதைகளைக் கேட்டுப் பயப்பட வேண்டாம், புதிய எண்ணைப் பாருங்கள். ஆனால் பிள்ளை குறைந்துவரும் பள்ளி நிதி நெருக்கடியில் இருக்கிறதா, இணைப்புப் பேச்சு ஏதாவது ஓடுகிறதா என்பதையும் விசாரித்துவிடுங்கள்.

தூரத்தை எப்படி அளக்கிறார்கள் என்பதும் விதியில் இருக்கும். லண்டனில் பெரும்பாலும் நேர்கோட்டில், கவுன்சிலின் கணினி வரைபடத்தில். சில இடங்களில் நடக்கும் பாதையில். பள்ளியின் எந்தப் புள்ளி வரை என்பதும் மாறும், வாசல் கேட்டாக இருக்கலாம், கட்டடத்தின் நடுவாக இருக்கலாம். கைப்பேசி மேப்பில் வரும் தூரம் இதோடு ஒத்துப்போகாது. சந்தேகமான வீடென்றால் கவுன்சில் சேர்க்கைப் பிரிவுக்கு முகவரியைக் கொடுத்துக் கேளுங்கள். சில கவுன்சில்கள் இணையதளத்திலேயே முகவரியைப் போட்டுத் தூரம் பார்க்கும் வசதி வைத்திருக்கின்றன. அடுக்குமாடி வீட்டில் இருவருக்கும் ஒரே தூரம் வந்தால் பெரும்பாலும் குலுக்கல்தான். எல்லாப் பள்ளியும் தூரத்தை மட்டும் பார்ப்பதும் இல்லை: சில பள்ளிகள் எல்லாப் பிள்ளைகளுக்கும் ஒரு தேர்வு வைத்து, அதிக மதிப்பெண், நடு மதிப்பெண், குறைந்த மதிப்பெண் என்று பிரித்து, ஒவ்வொரு பிரிவிலிருந்தும் இத்தனை பேர் என்று எடுப்பார்கள். அந்தத் தேர்வுக்குப் போகாவிட்டால் பக்கத்து வீடாக இருந்தாலும் பின்னால் தள்ளப்படலாம்.

மகனா மகளா என்பதும் கணக்கில் வரும். லண்டனில் பெண்களுக்கு மட்டுமான அரசு செகண்டரிகள் கணிசமாக உண்டு. ஒரு ஏரியாவில் நான்கு நல்ல பள்ளி என்று பார்த்தால் அதில் இரண்டு பெண்கள் பள்ளியாக இருக்கும், மகன் மட்டும் இருக்கும் வீட்டுக்கு அது இரண்டு பள்ளி ஏரியாதான்.

கிராமர் பள்ளியும் மதம் சார்ந்த பள்ளியும்

கிராமர் பள்ளி என்பது நுழைவுத் தேர்வு வைத்துப் பிள்ளைகளைச் சேர்க்கும் அரசு செகண்டரி. இங்கிலாந்தில் மொத்தம் 163 கிராமர் பள்ளிகள், லண்டனுக்குள் 19. அவை இருப்பது பார்னெட், பெக்ஸ்லி, ப்ராம்லி, என்ஃபீல்ட், கிங்ஸ்டன், ரெட்பிரிட்ஜ், சட்டன் ஆகிய ஏழு பரோக்களில் மட்டும். ஹாரோவிலோ நியூஹாமிலோ ஒன்றுகூடக் கிடையாது. நம் குடும்பங்களில் அந்த நுழைவுத் தேர்வுக்கான லெவன் பிளஸ் டியூஷன் என்பது இயர் 4லேயே தொடங்கிவிடுகிறது, அது அவரவர் முடிவு. ஆனால் கிராமரை மட்டும் நம்பி வீடு வாங்காதீர்கள் என்று அழுத்தமாகச் சொல்வேன். தேர்வு இயர் 6 செப்டம்பர் வாக்கில் நடக்கும், பதிவு இயர் 5 முடிவதற்குள் செய்ய வேண்டும். பாஸ் ஆனாலும் இடம் உறுதியில்லை. சில கிராமர்கள் மதிப்பெண் வரிசையை மட்டும் பார்க்கும், அங்கே முகவரிக்கு மதிப்பே இல்லை. சிலவற்றுக்கு முன்னுரிமைப் பகுதி இருக்கும், அங்கே முகவரியும் வேண்டும். இரண்டில் எது என்று தெரியாமல் அதிக விலை கொடுத்துப் பக்கத்தில் குடியேறுவது வீண். பிள்ளைக்குக் கிராமர் கிடைக்காவிட்டாலும் நீங்கள் சந்தோஷமாக அனுப்பக்கூடிய சாதாரண செகண்டரி ஒன்று அந்த வீட்டுக்கு எட்டுகிறதா? எட்டவில்லை என்றால் அந்த வீடு வேண்டாம்.

கத்தோலிக்க, ஆங்கிலிக்கப் பள்ளிகளில் வழிபாட்டுக்குப் போவதற்கும் ஞானஸ்நானத்துக்கும் முன்னுரிமை உண்டு, அதற்குத் தனியாகத் துணைப் படிவம் நிரப்பிப் பாதிரியாரிடம் கையொப்பம் வாங்க வேண்டியிருக்கும். ஆனால் சில மதப் பள்ளிகளில் ஒரு பகுதி இடத்தைத் தூரத்துக்காகத் திறந்து வைக்கிறார்கள், அது எல்லா மதத்தவருக்கும் பொருந்தும். விதியைப் படிக்காமல் "நமக்குக் கிடைக்காது" என்று கடந்துவிடாதீர்கள்.

நேரில் போய்ப் பாருங்கள்

செப்டம்பர், அக்டோபரில் செகண்டரிகளில் திறந்த நாள் வைப்பார்கள். போங்கள், ஆனால் அன்று எல்லாப் பள்ளியும் அழகாகத்தான் இருக்கும். வேலை நாளில் பள்ளி நடக்கும்போது சுற்றிக்காட்டச் சொல்லிக் கேளுங்கள், பல பள்ளிகள் ஒத்துக்கொள்ளும். பாடம் மாறும் நேரத்தில் நடைபாதையில் நின்றால் பிள்ளைகள் எப்படி நடந்துபோகிறார்கள், ஆசிரியர் பெயர் சொல்லிப் பேசுகிறாரா கத்துகிறாரா, ஒரு பிள்ளை தனியாக ஒதுங்கி நிற்கிறதா என்பதெல்லாம் தெரியும். ஆசிரியர்கள் வருடா வருடம் எத்தனை பேர் மாறுகிறார்கள், கணக்குப் பாடத்துக்கு நிரந்தர ஆசிரியர் இருக்கிறாரா என்று கேளுங்கள். அப்புறம் மதியம் மூன்றே கால் மணிக்குப் பள்ளி விடும்போது அந்த பஸ் நிறுத்தத்தில் நின்று பாருங்கள், பள்ளியைச் சுற்றிக் காட்டியவர் சொல்லாதது அங்கே தெரியும். வரப்போகும் வீட்டிலிருந்து காலை எட்டு மணிக்கு அதே பாதையில் ஒருமுறை நடந்தும் பாருங்கள், நெடுஞ்சாலையைக் கடக்க வேண்டியிருக்கிறதா என்று. 16 வயதுக்குள் இருப்பவர்களுக்கு ஜிப் ஆய்ஸ்டர் அட்டையில் பஸ் இலவசம், அதனால் செலவைப் பற்றிக் கவலை வேண்டாம், நேரத்தைப் பற்றித்தான்.

படிவத்தில் ஆறு பெயர்

லண்டனில் ஆறு பள்ளிகள் வரை எழுதலாம், ஆறையும் எழுதுங்கள். நீங்கள் எதை முதலாவதாக எழுதினீர்கள், எதை ஐந்தாவதாக எழுதினீர்கள் என்பது பள்ளிக்குத் தெரியாது. ஒவ்வொரு பள்ளியும் தன் விதிப்படி மட்டுமே பிள்ளையை வரிசைப்படுத்தும், பிறகு உங்களுக்குக் கிடைக்கக்கூடிய பள்ளிகளில் எது மேலே இருக்கிறதோ அதைக் கவுன்சில் கொடுக்கும். "முதலில் எழுதினால்தான் தருவார்கள்" என்பது தவறு. உண்மையில் விரும்பும் வரிசையிலேயே எழுதுங்கள், எட்டாத பள்ளியாக இருந்தாலும் மேலே போடலாம், நஷ்டமில்லை. ஆனால் நிச்சயமாகக் கிடைக்கும் ஒரு பள்ளி ஆறுக்குள் இருந்தே ஆக வேண்டும். அது இல்லாமல் எட்டாத பள்ளிகளாகவே எழுதினால், யாருக்கும் வேண்டாமல் இடம் மிச்சமிருக்கும் ஏதோ ஒரு பள்ளியைக் கவுன்சில் ஒதுக்கும், அது இரண்டு பஸ் மாறிப்போகும் தூரத்தில்கூட இருக்கலாம். நான் ஆரம்பத்தில் சொன்ன இரண்டு மூன்று பள்ளி எட்டும் முகவரி இதற்குத்தான்.

வாடகையா, சொந்த வீடா, என்ன சான்று

பள்ளிக்காக மட்டும் உடனே வீடு வாங்க வேண்டியதில்லை. நல்ல பள்ளியைச் சுற்றி விலையும் வாடகையும் கூடுதலாகத்தான் இருக்கும், ஆனால் வாடகைக்கு இருந்து பார்த்தால் ஏரியா ஒத்துவராதபோது வெளியே வரலாம். கவுன்சில் டாக்ஸ் பதிவு, கையெழுத்தான வாடகை ஒப்பந்தம், வாங்குகிறவர் என்றால் ஒப்பந்தம் கைமாறியதற்கான வழக்கறிஞர் கடிதம், இவைதான் சான்று. வேறு இடத்தில் சொந்த வீட்டை வைத்துக்கொண்டு பள்ளிக்காகப் பக்கத்தில் சின்ன ஃப்ளாட் வாடகைக்கு எடுப்பதையும், உறவினர் முகவரியைக் கொடுப்பதையும் கவுன்சில்கள் உன்னிப்பாகப் பார்க்கின்றன. கண்டுபிடித்தால் கொடுத்த இடத்தையே திரும்ப எடுத்துக்கொள்ளலாம். அண்ணன் வீட்டு முகவரி கொடுக்கச் சொல்லி யாராவது யோசனை சொன்னால் கேட்காதீர்கள். தண்டனை பிள்ளைக்கு விழுகிறது, அதுவும் சிநேகிதர்கள் எல்லாம் ஒரு பள்ளிக்குப் போகும்போது.

வருடத்தின் நடுவில் வருகிறவர்களுக்கு

ஊரிலிருந்து வேலை விசாவில் நேரே வருகிறவர்களுக்கு இது முக்கியம். விசாவில் "பொது நிதி கிடையாது" என்று எழுதியிருப்பதைப் பார்த்துவிட்டுப் பள்ளியும் கிடையாது என்று நினைக்கிறார்கள். அரசுப் பள்ளிப் படிப்பு அந்தப் பட்டியலில் இல்லை, டிபெண்டன்ட் விசாவில் வரும் பிள்ளை தாராளமாகப் படிக்கலாம். ஆனால் நடுவில் வரும்போது காலி இடம் எங்கே இருக்கிறதோ அங்கேதான் கிடைக்கும். ஆகவே வீட்டுக்குக் கையெழுத்துப் போடுவதற்கு முன்பே கவுன்சிலுக்கு எழுதி, உங்கள் பிள்ளையின் வகுப்பில் எந்தெந்தப் பள்ளியில் இடம் இருக்கிறது என்று கேளுங்கள். இரண்டு பிள்ளைகள் என்றால் இரண்டு வகுப்புக்கும் ஒரே பள்ளியில் இடம் இருக்கிறதா என்று கேளுங்கள், இல்லையென்றால் தினமும் காலை ஒரே நேரத்தில் இரண்டு வாசலில் நிற்க வேண்டிவரும். முகவரி கையில் வந்ததும் விண்ணப்பியுங்கள், முழு விண்ணப்பம் கிடைத்த 15 பள்ளி நாட்களுக்குள் பதில் சொல்லியாக வேண்டும்.

விருப்பமான பள்ளியில் இடம் இல்லையென்றால் காத்திருப்புப் பட்டியலில் பெயர் சேருங்கள், கிடைத்த இடத்தையும் ஏற்றுக்கொள்ளுங்கள். ஏற்றுக்கொள்வதால் பட்டியலில் நீங்கள் பின்னால் போவதில்லை. பட்டியல் முதலில் வந்தவர் முறையில் ஓடாது, அதே சேர்க்கை விதிப்படி ஓடும், ஆகவே நேற்று பக்கத்துத் தெருவுக்குக் குடிவந்தவர் உங்களைத் தாண்டி மேலே போகலாம். நீங்கள் பக்கத்தில் குடிபோனால் நீங்களும் அப்படி மேலே போவீர்கள். மறுப்பு வந்தால் மேல்முறையீடு செய்யும் உரிமை எல்லாருக்கும் உண்டு, ஆனால் ரிசெப்ஷன் முதல் இயர் 2 வரை வகுப்புக்கு 30 பிள்ளைகளுக்கு மேல் கூடாது என்று சட்டமே இருப்பதால் அந்த வயதில் ஜெயிப்பது மிகவும் கடினம். செகண்டரியில் உறுதியான காரணமும் ஆவணமும் இருந்தால் முயன்று பார்க்கலாம்.

பள்ளி கிடைத்த பிறகு வீடு மாறுவதென்றால், இளைய பிள்ளை ஒன்று வீட்டில் இருந்தால், மாறுவதற்கு முன் அந்தப் பள்ளியின் தம்பி தங்கை விதியை மறுபடி படியுங்கள். சில பள்ளிகளில் மூத்த பிள்ளை சேர்ந்தபோது இருந்த வீட்டைவிட்டு குறிப்பிட்ட தூரத்துக்கு அப்பால் போய்விட்டால் அந்த முன்னுரிமை கிடையாது.